‘உலகின் முதல் இரண்டு சதவீத விஞ்ஞானி’: சேலத்துப் பேராசிரியர்களின் சாதனைச் செய்திகளை எப்படிப் படிப்பது?

நாளிதழ்களின் சேலம் மாவட்டப் பக்கங்களில் ஆண்டின் பிற்பகுதியில் ஒரு வகைச் செய்தி தவறாமல் வரும். பொன்னாடை போர்த்திய பேராசிரியர் நிற்பார். பக்கத்தில் துணைவேந்தரோ முதல்வரோ தாளாளரோ இருப்பார். கீழே, உலகின் தலைசிறந்த இரண்டு சதவீத விஞ்ஞானிகள் பட்டியலில் அவர் இடம்பெற்றதாக ஒரு வரி. அடுத்த வாரம் இன்னொரு கல்லூரியில் ஐந்து பேருக்குக் காப்புரிமை. அதற்கடுத்து ஒருவருக்குச் சிறந்த ஆசிரியர் விருது, இன்னொருவருக்கு ஆய்வு நிதி.

சேலத்தில் இத்தகைய செய்திகள் வருவதற்குக் களம் பெரியது. 1857-ல் தொடங்கிய அரசு கலைக் கல்லூரி, 1966-ல் வந்த அரசு பொறியியல் கல்லூரி, அரசு மருத்துவக் கல்லூரி, தனியார் கல்லூரிகள் என வரிசை நீளம். கருப்பூரில் 1997 முதல் இயங்கும் பெரியார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நான்கு மாவட்டங்கள் வருகின்றன. பிள்ளையை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்று யோசிக்கும் பெற்றோரும், முனைவர் பட்டத்துக்கு நெறியாளரைத் தேடும் மாணவரும் இந்தச் செய்திகளைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். ஆனால் எல்லாச் செய்திகளும் ஒரே குரலில் எழுதப்படுகின்றன. பத்தாண்டு உழைப்பின் விளைவும், கட்டணம் கட்டி இரண்டு மாதத்தில் முடிகிற ஒரு பதிவும் ஒரே அளவு எழுத்தில் அச்சாகின்றன.

இவற்றைப் பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: இந்த வேலையை யார் சோதித்தார்கள், எதை வைத்துச் சோதித்தார்கள்? ஒவ்வொரு வகைச் செய்தியையும் அந்தக் கேள்வியோடு பார்ப்போம்.

அடிப்படை: மேற்கோளும் எச்-குறியீடும்

ஓர் ஆய்வாளர் கட்டுரை வெளியிடுகிறார். பிறகு வேறொருவர் தம் கட்டுரையில், ‘இதை முன்பே இன்னார் காட்டியிருக்கிறார்’ என்று அதைக் குறிப்பிடுகிறார். அப்படி ஒருமுறை குறிப்பிடுவது ஒரு மேற்கோள். எத்தனை மேற்கோள்கள் என்பதை ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ், கூகுள் ஸ்காலர் போன்ற தரவுத்தளங்கள் எண்ணி வைக்கின்றன. மூன்றும் ஒரே எண்ணைத் தருவதில்லை. கூகுள் ஸ்காலர் இணையத்தில் கிடைப்பதையெல்லாம் வாரிக்கொள்ளும். மற்ற இரண்டும் தாங்கள் தேர்ந்தெடுத்த இதழ்களை மட்டுமே எண்ணும்.

மொத்த மேற்கோள் எண்ணிக்கையில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே ஒரு கட்டுரை ஓகோவென்று ஓடினாலும் எண் பெரிதாகிவிடும். இதைச் சரிசெய்ய இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005-ல் எச்-குறியீட்டை முன்வைத்தார். ஒருவருக்கு ஐந்து கட்டுரைகள் என்று வைத்துக்கொள்வோம். அவற்றுக்கு முறையே 20, 9, 4, 3, 1 மேற்கோள்கள். குறைந்தது மூன்று மேற்கோள்களாவது பெற்ற கட்டுரைகள் மூன்றுக்குக் குறையாமல் உள்ளன. ஆனால் குறைந்தது நான்கு மேற்கோள்களாவது பெற்ற கட்டுரைகள் நான்கு இல்லை. எனவே அவருடைய எச்-குறியீடு 3.

இந்த எண்ணை ஒரே துறைக்குள் மட்டுமே ஒப்பிடலாம். நானோ பொருள்களிலோ மருத்துவத்திலோ ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் எழுதுகிறார்கள், மேற்கோள் குவிகிறது. கணிதத்தில் ஒரு கட்டுரையைப் புரிந்துகொள்பவர்களே உலகில் சில டஜன் பேராக இருக்கலாம். வேதியியல் பேராசிரியரின் 30-ஐயும் கணிதப் பேராசிரியரின் 8-ஐயும் பக்கத்தில் வைத்து ஒருவரைக் குறைத்து மதிப்பிடுவது அநீதி.

இரண்டு சதவீதப் பட்டியல்: எது உண்மை, எது மிகை

ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் அயோனிடிஸும் உடன் பணிபுரிவோரும் தயாரிக்கும் பட்டியல் இது. தரவு எல்செவியர் நிறுவனத்தின் ஸ்கோபஸிலிருந்து வருகிறது. 2019-ல் முதலில் வெளியானது. பிறகு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. இதைப் படிக்கும்போது தெரிந்திருக்க வேண்டியவை:

1. இது விருது அல்ல. யாரும் விண்ணப்பிப்பதில்லை, எந்தக் குழுவும் கட்டுரைகளைப் படித்துப் பார்த்துத் தேர்வு செய்வதில்லை. கணினி கணக்கிட்ட தரவரிசை. ‘ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் தேர்ந்தெடுத்தது’ என்று எழுதுவது தவறு.

2. மொத்த மேற்கோள், எச்-குறியீடு, கூட்டாசிரியர் எண்ணிக்கைக்கு ஏற்பத் திருத்திய எச்-குறியீடு, தனி ஆசிரியராக எழுதியவற்றுக்கான மேற்கோள், தனி அல்லது முதல் ஆசிரியராக எழுதியவற்றுக்கான மேற்கோள், தனி, முதல் அல்லது கடைசி ஆசிரியராக எழுதியவற்றுக்கான மேற்கோள் ஆகிய ஆறு அளவுகளைச் சேர்த்து ஒரே மதிப்பெண் ஆக்குகிறார்கள். இருபது பேர் கூடி எழுதிய கட்டுரையில் நடுவில் பெயர் இருப்பவருக்கு இதில் பெரிய ஆதாயம் இல்லை. பட்டியலின் நல்ல பக்கம் இதுதான்.

3. உண்மையில் பட்டியல்கள் இரண்டு. ஒன்று வாழ்நாள் பணிக்கானது. மற்றொன்று ஓர் ஆண்டில் கிடைத்த மேற்கோள்களுக்கானது. செய்திகளில் பெரும்பாலும் எந்தப் பட்டியல் என்று சொல்வதில்லை. ஓராண்டுப் பட்டியலில் இவ்வாண்டு இருப்பவர் அடுத்த ஆண்டு இல்லாமல் போகலாம். வாழ்நாள் பட்டியல் அவ்வளவு எளிதில் அசையாது.

4. இரண்டு சதவீதம் என்பது உலகின் எல்லா ஆசிரியர்களிலும் இரண்டு சதவீதம் அல்ல. ஸ்கோபஸில் குறைந்தது ஐந்து கட்டுரைகள் உள்ளவர்களை 22 துறைகளாகவும் 174 உட்பிரிவுகளாகவும் பிரித்து, ஒவ்வோர் உட்பிரிவிலும் எடுக்கும் கணக்கு. அதோடு, எல்லாத் துறைகளுக்கும் பொதுவாக முதல் ஒரு லட்சம் இடங்களுக்குள் வருவோரும் சேர்க்கப்படுகிறார்கள்.

5. தம் கட்டுரையைத் தாமே மேற்கோள் காட்டுவதைச் சேர்த்தும் நீக்கியும் இரண்டு கணக்குகளும் பட்டியலிலேயே உள்ளன. அண்மைப் பதிப்புகளில் ஒருவரின் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டிருந்தால், அதாவது பிழையோ முறைகேடோ தெரிந்து இதழே விலக்கியிருந்தால், அந்த எண்ணிக்கையும் தரப்படுகிறது. பட்டியலை யாரும் இலவசமாகப் பதிவிறக்கிப் பார்க்கலாம்.

இதையெல்லாம் சொல்வது இடம்பெற்றவர்களைச் சிறுமைப்படுத்த அல்ல. வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் வகுப்பு, தேர்வுத்தாள் திருத்தல், தர மதிப்பீட்டுக் குழு வருகைக்கான கோப்பு வேலை ஆகியவற்றுக்கு நடுவே, பெருநகர ஆய்வகங்களில் இருக்கும் கருவிகளில் பாதிகூட இல்லாத ஒரு மாவட்டத் தலைநகரில் உட்கார்ந்து அந்த இடத்தை எட்டுவது பெரிய காரியம். ஆகவே பெருமையைச் சரியான பெயரில் சொல்ல வேண்டும்: ‘ஓராண்டு மேற்கோள் தரவரிசையில் தம் உட்பிரிவில் முதல் இரண்டு சதவீதத்துக்குள்’. இந்தச் சொற்களில் எழுதினாலும் சாதனை சாதனைதான்.

காப்புரிமை: நான்கு நிலைகளை ஒன்றாக்கும் குழப்பம்

அதிகக் குழப்பம் இங்கேதான். ‘பேராசிரியருக்குக் காப்புரிமை’ என்ற செய்தி கீழ்க்கண்டவற்றில் எதையும் குறிக்கலாம்.

1. விண்ணப்பம். இணையவழியில் தாக்கல் செய்து கட்டணம் கட்டினால் எண் கிடைக்கும். தமிழ்நாட்டு விண்ணப்பங்கள் சென்னை காப்புரிமை அலுவலகத்துக்குப் போகின்றன. விண்ணப்ப எண்ணில் ஆண்டுக்கு அடுத்து வரும் 4 என்ற இலக்கம் சென்னையைக் குறிக்கும். 2021-ல் கல்வி நிறுவனங்களுக்குக் கட்டணத்தில் 80 சதவீதச் சலுகை வந்தபின் விண்ணப்பங்கள் பெருகியது இயல்பே.

2. வெளியீடு. விண்ணப்பித்து 18 மாதங்கள் கழித்து, வெள்ளிக்கிழமைதோறும் வரும் காப்புரிமை அலுவலக இதழில் விவரம் வெளியாகும். அவசரம் என்றால் படிவம் 9-ஐக் கொடுத்துக் கூடுதல் கட்டணம் கட்டினால் ஒரு மாதத்துக்குள் வெளியிடுவார்கள். இந்த நிலை வரை அந்தக் கண்டுபிடிப்பு புதியதுதானா, வேலை செய்யுமா என்று எந்த அதிகாரியும் பார்த்திருக்க மாட்டார்.

3. ஆய்வு. இதற்குத் தனியே கோர வேண்டும். 2024-ல் திருத்தப்பட்ட விதிகளின்படி 31 மாதங்களுக்குள் கோராவிட்டால் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகக் கருதப்படும். கோரினால், உலகில் ஏற்கெனவே இருப்பதோடு ஒப்பிட்டு ஆய்வாளர் ஆட்சேபங்களை எழுதி அனுப்புவார். புதுமை இருக்கிறதா, துறை அறிந்தவருக்கும் எளிதில் தோன்றாத முன்னேற்றம் இருக்கிறதா, தொழிலில் பயன்படுமா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்லியாக வேண்டும்.

4. வழங்கல். ஆட்சேபங்களைத் தாண்டியபின்தான் காப்புரிமை கிடைக்கிறது. விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் செல்லும். ஆனால் மூன்றாம் ஆண்டிலிருந்து புதுப்பிப்புக் கட்டணம் கட்டாவிட்டால் காலாவதியாகிவிடும்.

நாளிதழில் வரும் ‘காப்புரிமை’ பெரும்பாலும் இரண்டாம் நிலையில் நிற்பது. இதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை முறையில் காப்புரிமைக்கு உள்ள 15 மதிப்பெண்ணில் 10 வழங்கப்பட்டவற்றுக்கும் 5 வெறுமனே வெளியானவற்றுக்கும் ஒதுக்கப்பட்டிருந்தது. வெளியானதற்கே மதிப்பெண் உண்டு என்றால் நிறுவனம் ஏன் ஆய்வுக்குப் பணம் செலவிடப் போகிறது?

இன்னொரு வகையும் உண்டு. ‘பிரிட்டன் காப்புரிமை’ என்ற பெயரில் வரும் சான்றிதழ்களில் பல உண்மையில் வடிவமைப்புப் பதிவுகள். வடிவமைப்புப் பதிவு ஒரு பொருளின் தோற்றத்தை மட்டும் பாதுகாக்கிறது. அது எப்படி இயங்குகிறது என்பதோடு அதற்குத் தொடர்பில்லை. பிரிட்டன் அலுவலகம் பதிவுக்கு முன் புதுமை உண்டா என்று தேடிப் பார்ப்பதும் இல்லை. இணையத்தோடு இணைந்த கருவிகளை வைத்துப் பயிர் நோய் கண்டறியும் பெட்டி என்று ஒரு படத்தைப் பதிவுசெய்தால், அந்தப் பெட்டி உலகில் இருக்க வேண்டிய அவசியமே கிடையாது. ஆறேழு பேர் ஆளுக்கு இவ்வளவு என்று பணம் போட்டு ஒரே பதிவில் பெயர் சேர்த்துக்கொள்வதை ஏற்பாடு செய்யும் முகவர்கள் உண்டு. சொந்தமாகக் கருவி செய்து, ஆட்சேபங்களுக்கு வரிக்கு வரி பதில் எழுதிக் காப்புரிமை வாங்கிய ஆசிரியருக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பு வேறில்லை.

ஆய்விதழ், விருது, நிதி

ஆய்விதழ் நல்லதா என்பதற்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2019 முதல் ‘கேர்’ என்ற பட்டியலை வைத்திருந்தது. 2025 பிப்ரவரியில் அந்தப் பட்டியல் கைவிடப்பட்டது. எது நல்ல இதழ் என்று முடிவு செய்யும் பொறுப்பு இப்போது பல்கலைக்கழகங்களின் தலையில். ‘யு.ஜி.சி. அங்கீகரித்த இதழ்’ என்று இன்றும் விளம்பரம் செய்யும் இதழ்களை நம்ப வேண்டாம். பெரிய பதிப்பகம் என்பதும் முழு உத்தரவாதம் அல்ல: 2023-ல் உலக அளவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன, அவற்றில் எட்டாயிரத்துக்கு மேல் ஹிந்தாவி என்ற ஒரே பதிப்பகத்தின் இதழ்களில் வந்தவை.

விருதைப் பொறுத்தவரை, பெறுபவர் பதிவுக் கட்டணம் கட்டியிருந்தால் அது விருது அல்ல.

ஆய்வு நிதியைப் பற்றிய செய்தி சிறியதாகத்தான் வரும். ஆனால் எடை அதிகம். பணம் கொடுக்கும் அமைப்பு திட்ட வரைவைத் துறை வல்லுநர்களிடம் அனுப்பி, போட்டியில் பலவற்றைத் தள்ளிவிட்டே சிலவற்றை எடுக்கிறது. அந்த நிதியில் இளம் ஆய்வாளர்களுக்கு ஊதியம் கிடைக்கிறது, கருவி வாங்கப்படுகிறது. முனைவர் பட்டத்துக்கு நெறியாளர் தேடும் மாணவர் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

எண்ணிக்கை ஏன் இவ்வளவு முக்கியமானது?

உதவிப் பேராசிரியர் இணைப் பேராசிரியர் ஆகவும், பிறகு பேராசிரியர் ஆகவும் மானியக் குழுவின் 2018 விதிமுறைகள் ஒரு மதிப்பெண் அட்டவணை வைத்திருக்கின்றன. ஒரு கட்டுரைக்கு அறிவியலில் 8, கலைப்பாடங்களில் 10. சர்வதேசக் காப்புரிமைக்கு 10, தேசியக் காப்புரிமைக்கு 7. பதவி உயர்வின் பலன் சிறியதல்ல: உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய், இணைப் பேராசிரியருக்கு 1,31,400 ரூபாய். இத்தனை பெரிய படிக்கட்டில் ஏற எண்ணிக்கைதான் வழி என்றால், எண்ணிக்கையைத் தேடி ஓடுவோரை மட்டும் குறை சொல்வதில் பயனில்லை. விதியை எழுதியவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

எந்த எண்ணிலும் ஏறாத வேலைகள்

சேலம் மாவட்டத்தின் ஏத்தாப்பூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஒய்.ஆர்.சி.எச். 1 என்ற வீரிய ஒட்டு ஆமணக்கு அங்கிருந்து வந்தது. மரவள்ளி ஏறக்குறைய பத்து மாதப் பயிர். ஆகவே ஒரு சோதனைக்கு ஓராண்டு போய்விடும். நிலையத்தில் சில ஆண்டுகள், பல இடங்களில் சில ஆண்டுகள், பிறகு விவசாயிகளின் வயலில் சோதனை, அதன்பின் வெளியீட்டுக் குழு. ஒரு ரகம் வெளிவருவதற்குள் வேறொரு துறையில் இருப்பவர் நாற்பது கட்டுரைகள் எழுதிவிடலாம். ரகத்தைப் பயிரிடும் விவசாயி அதை மேற்கோள் காட்டுவதில்லை. ஆனால் சேலத்தின் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள் அந்தக் கிழங்கில்தான் ஓடுகின்றன. 1981-ல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவு சங்கமும், 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குக் கிடைத்த புவிசார் குறியீடும் வயலில் நல்ல கிழங்கு விளைந்தால்தான் பொருள் பெறும்.

2020-ல் கேரளத்தில் முதலில் காணப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி, விரைவில் சேலம், நாமக்கல் வயல்களுக்கும் வந்தது. தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்தப் பூச்சி முன்பு ஆப்பிரிக்காவில் பேரழிவை உண்டாக்கியது. அங்கே அதை அடக்கியது அனகைரஸ் லோபஸி என்ற மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவி. அந்தப் பணிக்குத் தலைமை வகித்த ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. பெங்களூரில் உள்ள மத்திய அரசின் வேளாண் பூச்சி வள ஆய்வகம் அதே குளவியை ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து வரவழைத்து, தனிமைப்படுத்திச் சோதித்து, வளர்த்துப் பெருக்கியது. 2022 மார்ச்சில் வயலில் முதன்முதலாக அது விடுவிக்கப்பட்ட இடம் ஏத்தாப்பூர் நிலையம். மாவுப்பூச்சியை வளர்த்து, அதில் குளவியை ஏற்றி, சரியான நாளில் எடுத்துக்கொடுக்க ஆய்வக உதவியாளரும் வயல் பணியாளரும் வேண்டும். இதற்கு ஈடாக எத்தனை எச்-குறியீட்டை வைக்கலாம்?

சேர்வராயன் மலைக்கு வருவோம். அந்த மலையின் பெயரையே தாங்கிய வெர்னோனியா சேர்வராயென்சிஸ் என்ற மரம் அழிவின் விளிம்பில் இருக்கிறது. ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டம் உள்ளது. இப்படிப்பட்ட செடிகளைக் காட்டில் தேடி, உலர்த்தி, தாளில் ஒட்டி, இன்ன இடத்தில் இன்ன நாளில் எடுத்தது என்று எழுதிவைக்கும் வகைப்பாட்டியல் ஆய்வாளருக்கு மேற்கோள் அரிதாகவே கிடைக்கும். அவருடைய நூலைத் திறந்து செடிக்குப் பெயர் கண்டுபிடிக்கும் நூறு பேரில் மேற்கோள் தருபவர் ஒருவராகவும் இருக்கலாம். அவர் ஓய்வு பெற்றால் அந்த அறிவும் வெளியேறிவிடும். ஏனென்றால் அவருக்குப் பின் அந்தத் துறைக்கு வர இளைஞர்களுக்கு எந்த ஊக்கமும் இல்லை. தமிழ்த்துறையின் நிலையும் இதுதான். சுவடியைப் பதிப்பிப்பதும் கல்வெட்டைப் படிப்பதும் தமிழில் அச்சாகின்றன. ஸ்கோபஸ் அவற்றைப் பெரும்பாலும் எண்ணுவதே இல்லை.

ஆசிரியரல்லாப் பணியாளர்கள் இன்னும் ஒரு படி கீழே மறைகிறார்கள். பல்கலைக்கழக நூலகத்தில், சமர்ப்பிக்கப்படும் ஒவ்வோர் ஆய்வேட்டையும் கருத்துத் திருட்டுச் சோதனைக்கு உட்படுத்தி, இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் ஏற்றுபவர்கள் இருக்கிறார்கள். மானியக் குழுவின் 2018 விதியில் பிறர் எழுத்தோடு ஒத்துப்போவது 10 சதவீதம் வரை அனுமதி. 10-க்கு மேல் 40 வரை என்றால் திருத்தித் தர வேண்டும். 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. பட்டம் உண்மையானது என்பதற்கு முதல் காவல் அந்த மேசையில்தான். கருவியியல் மையத்தில் எக்ஸ்-கதிர் கருவியைச் சீராக வைத்திருப்பவர் பெயர் பல கட்டுரைகளில் நன்றியுரையில்கூட வருவதில்லை. கருவி சரியில்லை என்றால் இரண்டு சதவீதமும் இல்லை.

செய்தியைச் சோதிக்க

1. இரண்டு சதவீதச் செய்தி என்றால்: வாழ்நாளா, ஓராண்டா? எந்த உட்பிரிவு? தன்மேற்கோளை நீக்கிய வரிசை எண் என்ன? மூன்றும் பட்டியலிலேயே இருக்கின்றன.

2. காப்புரிமை என்றால்: விண்ணப்ப எண்ணை வாங்கி, மத்திய அரசின் காப்புரிமைத் தேடல் தளத்தில் போட்டால் எந்த நிலையில் நிற்கிறது என்று தெரியும். வழங்கப்பட்டிருந்தால், அது நாட்டில் பயன்பாட்டில் உள்ளதா என்று சொல்லும் படிவம் 27-ஐயும் கேளுங்கள்.

3. கட்டுரை என்றால்: அது திரும்பப் பெறப்பட்டதா என்று பதிப்பகத்தின் தளத்தில் பார்க்கலாம். என்.ஐ.ஆர்.எஃப். 2025 தரவரிசையில் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு மதிப்பெண் குறைக்கும் முறை தொடங்கிவிட்டதால், கல்லூரிகளே இனி இதைக் கவனித்தாக வேண்டும்.

4. நெறியாளர் என்றால்: விதிப்படி பேராசிரியர் எட்டுப் பேர், இணைப் பேராசிரியர் ஆறு பேர், உதவிப் பேராசிரியர் நான்கு பேர் வரை முனைவர் பட்ட மாணவர்களை வைத்துக்கொள்ளலாம். அவரிடம் முன்பு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை ஆண்டில் முடித்தார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள். அவர்கள் எழுதிய ஆய்வேடுகளை ஷோத்கங்காவில் திறந்து இரண்டு இயல்களாவது படித்துப் பாருங்கள்.